ஆறு கால் உண்ணி

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்கு மூன்று வருடம் முன்பு, தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். ஒரு மாட்டு டாக்டர், நான், மருந்து கலக்க ஒரு மேசை, வாசலில் மாட்டைக் கட்டிப்போட மரச்சட்டம், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

உத்தியோகத்தில் எனக்கென்று ஒரு பெயர் இருந்ததென்றால் அது உண்ணி பிடுங்குவதில்தான். மாட்டின் காதுக்குள்ளும் மடிக்கு மேலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் உண்ணியை அவசரப்பட்டு இழுத்தால் வாய் தோலுக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும், புண் சீழ் பிடிக்கும். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேராக இழுக்க வேண்டும். ஒரு காலைப்பொழுதில் ஐம்பது அறுபது எடுத்துவிடுவேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பதால் வீட்டில் சொன்னதில்லை. ஆனால் மேலதிகாரிகளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. மார்கழி மாதம் ஒரு நாள் மாட்டு டாக்டர் ஒரு கடிதத்தை நீட்டினார்.

"கடற்கரையில குருவி பிடிச்சு ஆராய்ச்சி பண்ண ஒருத்தர் வந்திருக்காராம். உண்ணி எடுக்கத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு வேணுமாம். பங்குனி வரைக்கும் காலையில அங்க போயிட்டு மத்தியானத்துக்கு மேல இங்க வா."

"குருவிக்கு உண்ணி இருக்குமா சார்?"

"போய்ப் பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லு" என்றார்.

ஊருக்கு வடக்கே, உடைமரங்கள் கூட்டமாக நிற்கும் மணல்மேட்டில் இரண்டு கூடாரங்கள் போட்டிருந்தார்கள். வந்திருந்தவர் வங்காளத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கால்சட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தது, சேற்றில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கத்து ஜனங்கள் அதற்குள் அவருக்குக் குருவி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவார், நான் அதைவிட மெதுவாகப் பதில் சொல்வேன். அப்படியே பழகிக்கொண்டோம்.

பறவை பிடிக்க அவர் வைத்துக்கொண்ட ஆள் தேவிபட்டினத்துக்காரர், முஸ்லிம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் தோணியேறிக் கொழும்புக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். இவருக்குத் தோணியில் கால் வைத்தாலே வாந்தி வரும். அதனால் கரையிலேயே தங்கி, சேற்றில் மேயும் உள்ளான் பறவைகளைக் கண்ணியும் வலையும் வைத்துப் பிடித்து, உயிரோடு சந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவரை ஊரில் எல்லோரும் கூப்பிடுகிறபடி நானும் 'காக்கா' என்று கூப்பிட்டேன். அந்தக் கரையில் முஸ்லிம்கள் வீட்டில் அண்ணனுக்கு அதுதான் வார்த்தை. குருவி டாக்டர் தமிழில் பறவைப் பெயர்களாக முதலில் கற்றுக்கொண்டிருந்தார். நான் "காக்கா!" என்று சத்தம் போடும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து மரத்தைப் பார்ப்பார். அது என்னவென்று எங்களுக்குப் புரியவே நாலு நாள் ஆயிற்று.

வேலை இதுதான். விடிகிற நேரத்தில் வலையில் விழுந்த பறவைகளை ஒவ்வொன்றாகத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவருவார் காக்கா. குருவி டாக்டர் காலில் எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டி, எடை பார்த்து, இறக்கையை அளந்து என் கையில் தருவார். நான் கண்ணைச் சுற்றி, அலகு பிளக்கும் இடத்தில், காதை மூடியிருக்கும் சிறகுக்கு அடியில், கழுத்தில் எல்லாம் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். உண்ணி இருந்தால் எடுத்துக் குழாயில் போட வேண்டும். பிறகு பறவையைப் பறக்க விட்டுவிட வேண்டும்.

இந்தக் கடைசிக் காரியம்தான் காக்காவுக்குத் தாங்கவில்லை.

"பிடிச்சுப் பிடிச்சு விடுறதுக்கு என்னத்துக்குப் பிடிக்கணும்? இம்புட்டு வருசத்துல என் கையால ஒண்ணக்கூட விட்டதில்ல கம்பவுண்டரே. கை கூசுது."

முதல் மாதம் முழுவதும் நான் ஒரு உண்ணியைக்கூடப் பார்க்கவில்லை. முந்நூறு உள்ளான்களுக்கு மேல் பார்த்திருப்பேன். ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதச் சொல்வார் குருவி டாக்டர். இல்லாததை எழுதுவானேன், இருந்தால் எழுதினால் போதாதா என்று ஒரு நாள் கேட்டேன். "எழுதாவிட்டால், நாம் பார்த்தோமா பார்க்கவில்லையா என்று அடுத்து வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதன் பிறகு நான் ஒரு வரியும் விட்டதில்லை.

எதற்காக இதெல்லாம் என்பதை அவர் அந்த நாட்களில்தான் சொன்னார். மைசூர்ப் பக்கத்துக் காடு ஒன்றில் குரங்குகள் செத்து விழுந்தனவாம். அங்கே விறகுக்குப் போன ஜனங்களுக்கும் உண்ணி கடித்துக் கடுமையான காய்ச்சல் வந்து பலர் இறந்துபோனார்களாம். அதே சாயலில் ஒரு காய்ச்சல் ருஷ்ய தேசத்தில் ஏற்கெனவே உண்டு. அங்கிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வருகிற பறவைகள் காதோரம் ஒரு உண்ணியையும் ஏற்றிக்கொண்டு வருமோ என்று சிலருக்குச் சந்தேகம். வரலாம், வராமலும் இருக்கலாம். யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

நான் இதைத் தமிழில் சொன்னபோது காக்கா கையிலிருந்த உள்ளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு இங்கனயிருந்து பாம்பன் போறதுக்குள்ள கொடலு வெளிய வந்துரும். ஒரு உண்ணி அம்புட்டுக் கடலையும் மலையையும் தாண்டி வருமாக்கும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து வேறொன்றும் சொன்னார். "சரி, வருதுன்னே வச்சுக்குவோம். நாளு பூரா உப்புத் தண்ணியில நிக்கிற குருவிமேல எந்த உண்ணி ஏறும்? மாட்டுமேல எப்பிடி ஏறுது? புல்லுல உக்காந்து காத்துக் கெடந்துதான ஏறுது? அப்ப ஆடு மாடு மேயிற தரையில மேயிற குருவியாப் பாத்துப் பிடிக்கச் சொல்லுங்க."

நான் மொழிபெயர்த்தேன். குருவி டாக்டர் சட்டென்று எழுந்துவிட்டார். தரையில் மேயும் பறவைகளையும் பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டத்திலும் இருந்தது. எங்கே வலை கட்டுவதென்றுதான் தெரியாமல் இருந்திருக்கிறார். "எந்தப் பறவை? எங்கே அடைகிறது? கேளுங்கள்" என்றார்.

"சோளக்குருவி" என்றார் காக்கா.

ரோஜா நிற உடம்பும் கறுத்த தலையும் கறுத்த இறக்கையுமாக, ஆயிரக்கணக்கில் ஒரே மேகமாக வந்து இறங்கும் பறவை அது. மைனாவின் சாதி. சோளம், கம்பு விளைகிற காலத்தில் உள்நாட்டுச் சம்சாரிகள் தகரம் தட்டி விரட்டுவார்கள். மற்ற நேரம் ஆட்டு மந்தைக்குப் பின்னாலேயே தரையில் நடந்து பூச்சி பொறுக்கும். ஊருக்கு மேற்கே கண்மாய்க்கரை உடைமரங்களில் கூட்டமாக அடையும். அங்கே வலை கட்டினோம். முதல் நாள் காலையில் இருபத்தாறு சோளக்குருவிகள் விழுந்தன. பதினோராவது குருவியின் இடது கண்ணுக்குக் கீழே, எள்ளில் பாதி இருக்கும், பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அதுவரை எத்தனை ஆயிரம் உண்ணி எடுத்திருப்பேன். இதை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். அன்று மொத்தம் மூன்று குருவிகளில் ஐந்து உண்ணிகள்.

குருவி டாக்டர் அன்று மாலையே கோடிக்கரைக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அங்கேயும் ஒரு முகாம் நடந்தது. திரும்பி வர மூன்று வாரம் ஆகும். "நன்றாக இரத்தம் குடித்துப் பருத்தவற்றை உயிரோடு வைத்திருங்கள். ஈரம் காயக் கூடாது, வெயில் படக் கூடாது. விரலால் நசுக்காதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் நிதானமாக லென்ஸில் பார்த்தேன். அந்தப் பொடி உண்ணிக்கு ஆறு கால்கள் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மாட்டு உண்ணியை எடுத்துப் பார்த்தேன். எட்டு. இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன். எட்டு. இத்தனை வருட உத்தியோகத்தில் நான் உண்ணியின் காலை எண்ணியதே இல்லை என்பதும் அன்றுதான் உறைத்தது. ஆக, நம் ஊர் உண்ணிக்கு எட்டு, கடல் கடந்து வந்ததற்கு ஆறு! பதிவேட்டில் சிவப்பு மையால் 'புதிய வகை, கால்கள் ஆறு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். மாட்டு டாக்டரிடம் சொன்னேன். தபாலாபீசில் சொன்னேன். காக்காவிடம் இரண்டு முறை சொன்னேன்.

கூடாரத்தில் எறும்புத் தொல்லை. பகலில் உள்ளே அடுப்பு மாதிரி சூடு. அதனால் குழாய்களை வீட்டுக்குக் கொண்டுபோனேன். இன்று யாராவது அப்படிச் செய்தால் நானே திட்டுவேன். அன்று எனக்கு அது தோன்றவில்லை. ஒரு மண்கலயத்தில் ஈர மணலைப் போட்டு, பஞ்சால் வாயடைத்த இரண்டு குழாய்களையும் அதில் செருகி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் மூன்று உண்ணி, இன்னொன்றில் இரண்டு. மணல் காயாமல் தினம் தண்ணீர் தெளிக்கிற வேலையை என் மனைவி ஏற்றுக்கொண்டாள்.

அவள் பரமக்குடியில் தறிக்காரர் வீட்டுப் பெண். எட்டாவது வரை படித்தவள். சேலையைக் கையில் எடுத்தாலே விரல்கடைக்கு எத்தனை இழை என்று சொல்லிவிடுவாள். உண்ணியைப் பார்த்து அருவருப்பாள் என்று நினைத்தேன். அவள் லென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சாப்பிடாம எத்தன நாளைக்கு இருக்கும்?" என்றுதான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

பதினெட்டாவது நாளோ பத்தொன்பதாவது நாளோ, மத்தியானம் சாப்பிட வந்தபோது முதல் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே மூன்று உண்ணிகள் சுறுசுறுப்பாகக் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கால்.

குழாயோடு அடுப்படிக்குப் போனேன்.

"கொழாயத் தொறந்தியா?"

"இல்லையே."

"கீழ போட்டு, எல்லாம் ஓடிப் போயி, பக்கத்து வீட்டு ஆட்டுலயிருந்து பிடிச்சுப் போட்டு வச்சிருக்க. நெசத்தச் சொல்லு."

அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "நான் என்னத்துக்கு ஆட்டு உண்ணிய பிடிச்சுப் போடப் போறேன்? எனக்கு வேற வேலையில்லையா?"

"மூணு வாரமாப் பாத்துப் பாத்து வச்சிருக்கேன். அந்த டாக்டரு வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கேன்."

"அதுதான் ஒங்களுக்குக் கவலையாக்கும்" என்றாள். பிறகு, "உள்ள வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்கு பாருங்க, அது என்னது?" என்று குழாயைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. சாப்பிடாமலே வெளியேறிவிட்டேன்.

இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள். கண்மாய்க்கரையில் என் முகத்தைப் பார்த்தே காக்கா கேட்டுவிட்டார். சொன்னேன்.

"ஒரு உண்ணிக்காகவா பொண்டாட்டிகிட்ட பேசாம இருக்கீரு? அந்தப் புள்ள பொய் சொல்ற புள்ள மாதிரியா இருக்கு? போய் நேராக் கேளும்வே."

நேராகக் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் கால் வைத்ததுமே, இரண்டாவது குழாயை என் கையில் கொடுத்தாள். மற்றொரு கையில் லென்ஸ்.

"இதுல ரெண்டு கெடக்கு. நேத்துக் காலையில ரெண்டுக்கும் ஆறு காலுதான், எண்ணிப் பாத்தேன். கல்லு மாதிரி அசையாமக் கெடந்துச்சு. இப்ப ஒண்ணுக்கு எட்டு, இன்னொண்ணுக்கு ஆறு. அதையும் நான்தான் மாத்தி வச்சேன்னு சொல்லுங்க."

நான் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னபடியேதான் இருந்தது.

"பக்கத்துல தவிடு மாதிரி ஒண்ணு கெடக்குல்ல? அது சட்டை. பாம்பு கழட்டுற மாதிரி கழட்டிப் போட்டிருக்கு. அதுல காலு எத்தனன்னு எண்ணுங்க."

காற்றில் ஆடும் அளவுக்கு மெல்லிய தோல். அதில் நூல் நுனிபோல் ஆறு. மூன்று முறை எண்ணினேன்.

"தப்புதான்" என்றேன்.

"எது தப்பு?"

"ஒன்னையச் சந்தேகப்பட்டது."

"ம்" என்றாள். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை. "அப்ப ஆறு காலு வளந்து எட்டாகுது. ஒங்க மாட்டு உண்ணியும் குட்டியா இருக்கையில ஆறுதானோ என்னமோ? பாத்திருக்கீகளா?"

அன்று சாயங்காலம் இருவரும் பக்கத்து வீட்டு ஆட்டின் காதில் தேடினோம். பொடிசாக இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தோம். ஆறு கால். என் கண்டுபிடிப்பு அங்கேயே முடிந்தது.

குருவி டாக்டர் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லா உண்ணியும் முட்டையிலிருந்து வரும்போது ஆறு காலோடுதான் வருமாம். அது புத்தகத்தில் உள்ளது. எனக்குச் சொல்லாமல் போனது தன் தவறு என்றார். பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிடப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "இருக்கட்டும். கீழே, பிறகு பார்த்தது என்ன, பார்த்தது யார் என்று எழுதுங்கள்." அப்புறம், "அந்த அம்மாவை நான் பார்க்க வேண்டும்" என்றார்.

வந்தார். தரையில் பாயில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். கலயத்தைப் பார்த்ததும் முதல் காரியமாக அதை வீட்டை விட்டு எடுக்கச் சொன்னார். மைசூர்க் காய்ச்சலைப் பற்றி அப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. "இத்தன நாளா எதைத் தண்ணிப் பானைக்கிட்ட வச்சிருந்தீக?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றே குழாய்கள் ஆஸ்பத்திரியின் பின்னறைக்குப் போயின. ஆனால் அவள் பயந்து ஒதுங்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஆறு காலு உண்ணி குருவிமேல எத்தன நாளு ஒட்டியிருக்கும்?"

"இந்த வகை நாலைந்து நாள். வயிறு நிறைந்ததும் விழுந்துவிடும். கீழே கிடந்து தோலுரிக்கும். எட்டுக் காலோடு வேறொரு பிராணிமேல் ஏறும்."

"சோளக்குருவி நம்ம பக்கம் வந்தது எப்ப?"

"புரட்டாசி" என்று நானே சொன்னேன்.

"இப்ப மாசி பெறக்கப் போகுது. நாலஞ்சு நாளுதான் ஒட்டியிருக்கும்னா, இது எப்பிடிங்க வெளிநாட்டு உண்ணியா இருக்கும்? நம்ம கண்மாய்க்கரையில ஏறினதாத்தான இருக்கும்?"

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் எனக்கே அதன் அர்த்தம் புரிந்துவிட்டது. குருவி டாக்டர் தலையை ஆட்டினார். ஆமாம், இது பெரும்பாலும் உள்ளூர் உண்ணிதான். வெளியிலிருந்து வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் குருவி வந்து இறங்கிய முதல் சில நாட்களில் பிடிக்க வேண்டும். முகாமுக்கு உத்தரவு வர மார்கழி ஆகிவிட்டது. அதோடு, எல்லா உண்ணியும் ஒன்றல்ல. சில வகை, பறவை மேலேயே ஒரு தடவை தோலுரித்து, மூன்று நான்கு வாரம்வரை இறங்காமல் இருக்கும். அப்படிப்பட்டதுதான் கடல் கடக்கும்.

"இதுக பங்குனியில திரும்பிப் போகும்ல. அப்ப நம்ம ஊரு உண்ணிய ஏத்திக்கிட்டுப் போகுமே? அத யாரு பாக்குறது?" என்றாள்.

"அங்கேயும் வலை கட்டிப் பார்க்கிறார்கள்" என்றார் அவர்.

"அப்ப அங்கன இருக்கவுக நம்மளைப் பத்தி நெனைச்சுக்கிட்டிருப்பாக. அந்த ஊருலயிருந்து என்ன சீக்கு வருதோன்னு."

இதை மொழிபெயர்த்தபோது அவர் சிரிக்கவில்லை. "நிச்சயமாக" என்றார்.

பங்குனிக் கடைசியில் கூடாரத்தைப் பிரித்தார்கள். போகும்போது லென்ஸையும் ஒரு டஜன் குழாய்களையும் அவற்றோடு வைக்க எண் போட்ட சீட்டுகளையும் விலாசத்தையும் என்னிடம் விட்டுச் சென்றார். மெல்லிய கறுப்பு நூலில் பின்னிய ஜப்பான் வலை ஒன்றைக் காக்காவிடம் கொடுத்தார். "புரட்டாசியில் முதல் கூட்டம் இறங்கும்போது" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் ஆவணியிலிருந்தே நாங்கள் மூவரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தோம். புரட்டாசி முதல் வாரம், தூறல் போட்ட ஒரு காலையில், நான் ஒரு எருமைக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தபோது காக்கா ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"வந்துருச்சு கம்பவுண்டரே! நூறு நூத்தம்பது இருக்கும். எல்லாம் அழுக்கு நெறக் குஞ்சுக. அசந்துபோயி உக்காந்திருக்கு, நெருங்கிப் போனாலும் எந்திரிக்கல."

மறுநாள் விடிகாலை வலை கட்டினோம். என் மனைவியும் வந்தாள். பதிவேடு எழுத ஆள் வேண்டுமே. பத்தொன்பது குருவிகள். கையில் எடுத்தால் மார்பெலும்பு கத்திபோல் குத்தியது, அப்படி இளைத்திருந்தன. பதினெட்டுக்கு 'இல்லை' என்று எழுதினாள். ஒன்றின் காதுச் சிறகை விலக்கியபோது மிளகு அளவுக்குப் பருத்த சாம்பல் நிற உண்ணி ஒன்று. எட்டுக் கால். இன்னும் முழு வளர்ச்சி அடையாதது.

"இது எத்தன நாளா இருந்திருக்கும்?" என்றாள்.

"அல்லாவுக்குத்தான் வெளிச்சம்" என்றார் காக்கா. அந்தக் குருவியைத் தானே விடுவதாகக் கேட்டு வாங்கிப் பறக்கவிட்டதும் அவர்தான்.

பின்னறைக் கலயத்தில் நாலு வாரம் கிடந்து, அது தோலுரித்து வெளியே வந்தது. பெரிய உண்ணி. கால்களில் கணுவுக்குக் கணு வெள்ளை வளையம். அதே மாதிரி வளையக்கால் உண்ணி எங்கள் மாடுகளிலும் உண்டு. ஒன்றைப் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "முதுகுல குழி குழியா இருக்குல்ல, மாட்டு உண்ணிக்குக் கலக்கமா, தள்ளித் தள்ளி இருக்கு, இதுக்கு நெருக்கமா இருக்கு" என்றாள். சீட்டில் அதையும் எழுதி, இரண்டையும் சாராயம் ஊற்றிய குழாயில் போட்டு அனுப்பினோம்.

பதில் வரத் தை ஆயிற்று. முதுகுக் குழி வித்தியாசம் உண்மைதான் என்று எழுதியிருந்தார். வடமேற்கே வறண்ட தேசங்களில் இருக்கிற வகையோடு அது ஒத்துப்போகிறது. ஆனால் அதே வகை நம் நாட்டின் வடக்கு ஓரத்திலும் ஒட்டகம் மாடுகளில் உண்டு. குருவி வழியில் எங்கே தங்கியதோ அங்கே ஏறியிருக்கலாம். ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னும் அனுப்புங்கள்.

அடுத்த இரண்டு புரட்டாசியும் அனுப்பினோம். எல்லாம் சேர்த்துப் பதினொன்று. நாலு நம் ஊர் வகை என்று நிச்சயமாகச் சொன்னார். ஆறு, சொல்வதற்கில்லை. ஒன்று மட்டும் வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும், ஏறக்குறைய உறுதி என்று எழுதினார். சீட்டின் எண்ணைப் பார்த்தால் அது சோளக்குருவியில் எடுத்ததே அல்ல. ஆஸ்பத்திரி வாசலில் எருமைக் காலடியில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் வாலாட்டிக் குருவியை, வெறும் விளையாட்டாகக் காக்கா பிடித்துக் கொடுத்தது.

'ஏறக்குறைய' என்ற வார்த்தையை என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அவளே ஒரு கடிதம் எழுதினாள். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கேள்விகள். இந்தச் சின்ன வாலாட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் பறக்கும்? வழியில் மழை பிடித்துக்கொண்டால் உண்ணி நனைந்து விழுந்துவிடாதா?

முதல் கேள்விக்கு, யாருக்கும் சரியாகத் தெரியாது, வளையம் போட்ட பறவைகள் எங்காவது மறுபடி பிடிபட்டால் ஒரு வேளை தெரியவரும் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, 'நான் யோசித்ததில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்' என்று இருந்தது.

அதைப் படித்ததும் அவள் எழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வைத்தியத்துக்காகக் கட்டிப்போட்டிருந்த ஒரு கிழப்பசுவின் காதில் பருத்த உண்ணிகளாகப் பார்த்து நாலை விட்டுவைக்கச் சொன்னாள். மாட்டு டாக்டர் என்னைப் பார்த்தார்; நான் வேறு பக்கம் பார்த்தேன். காலையும் மாலையும் அந்தக் காதில் ஒரு செம்பு தண்ணீரை மேலிருந்து கொட்டினாள். பசு தலையை உதறி எங்கள் எல்லோரையும் நனைத்தது. முதல் இரண்டு நாளில் ஒன்று விழுந்தது. அது வயிறு நிறைந்து விழுந்ததா, தண்ணீரால் விழுந்ததா என்று எங்களுக்குள் வாக்குவாதம். மற்ற காதில் தண்ணீர் ஊற்றாத உண்ணிகளையும் எண்ண வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். எண்ணினோம். நாலாம் நாள் அங்கேயும் ஒன்று குறைந்திருந்தது. ஐந்தாம் நாள்வரை நனைந்த காதில் மூன்று அப்படியே இருந்தன.

"அஞ்சு நாளு தண்ணி ஊத்தினோம், மூணு விழல. ஊத்தாத காதுலயும் ஒண்ணு விழுந்துச்சு. அதனால மழையால விழுதுன்னு சொல்ல முடியல. மாட்டுக் காதும் குருவிக் காதும் ஒண்ணில்ல, அதையும் சேத்து எழுதுங்க" என்றாள்.

அப்படியே எழுதி, உறையை ஒட்டி, பத்தரை மணித் தபாலில் சேர்ப்பதற்காக நான் சைக்கிளை எடுத்தேன்.